டி18 கரைசல் ஊசிக்குள்ளேயே ஜெல்லி ஆகிறது: ஊட்டிக் குளிரில் எந்த வழங்கிப் பாலிமரோடு மல்லுக்கட்டுவது?

மூடுபனி · செவ்வாய், இரவு 9.40

வணக்கம். ஊட்டியில் ஒரு கல்லூரியில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன், கல்லூரிப் பெயர் வேண்டாம். தலைப்பு கரிம சூரிய மின்கலம். அதிலும் ஃபுல்லரீன் (பந்து வடிவக் கார்பன் மூலக்கூறு) இல்லாத ஏற்பிகளோடு சேரும் வழங்கிப் பாலிமர்கள். ஒளி பட்டதும் எலக்ட்ரானைக் கொடுப்பது வழங்கி, வாங்கிக்கொள்வது ஏற்பி.

இன்று காலை நடந்தது இது. ஆய்வகத்தில் வெப்பமானி 9 டிகிரி காட்டியது. மலைக்குக் கீழே ஒரு ஆய்வகத்தில் கெஞ்சி வாங்கி வந்த டி18 என்ற வழங்கிப் பாலிமர் 20 மில்லிகிராம் கையில் இருந்தது. அதில் பாதியை எடுத்து, ஒய்6 ஏற்பியோடு குளோரோஃபார்மில் போட்டு, மூடி போட்டு ஹாட் பிளேட்டில் கலக்கவிட்டேன். கருநீலமாக, தண்ணீர் மாதிரி கரைந்தது. ஊசியில் உறிஞ்சினேன், வடிகட்டியை மாட்டினேன், தகட்டைச் சுழற்றிப் பூசும் சுழல்பூச்சுக் கருவி இருக்கும் மேசைக்கு நடந்தேன். நாற்பது வினாடி இருக்குமா? அழுத்தினால் வரவில்லை. இன்னும் அழுத்தினேன், வடிகட்டி பிய்த்துக்கொண்டு மேலங்கியில் தெறித்தது. ஊசியைக் கவிழ்த்துப் பார்த்தால் உள்ளே இருப்பது விழாமல் நிற்கிறது. தட்டினால் லேசாக ஆடுகிறது.

பாதிப் பாலிமர் போச்சு. மீதி 10 மில்லிகிராம். வழிகாட்டியிடம் இன்னும் சொல்லவில்லை.

இங்கே யாராவது மலைமேல் இந்த வேலை செய்திருக்கிறீர்களா? டி18ஐ விட்டுவிட்டு வேறு வழங்கிக்குப் போய்விடலாமா?

குன்னூர்_அக்கா · செவ்வாய், இரவு 10.25

முதலில் ஒரு திட்டு. குளோரோஃபார்ம் 61 டிகிரியில் கொதிக்கும் என்று புத்தகத்தில் இருக்கும். அது கடல்மட்டக் கணக்கு. ஊட்டியில் சாதம் வேக ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது? தண்ணீர் 92, 93லேயே கொதித்துவிடுகிறது. அதே கதைதான் இங்கேயும். குளோரோஃபார்ம் நம் ஊரில் 53 வாக்கிலேயே கொதிக்கும். மூடிய குப்பியை 50 டிகிரி தட்டில் வைத்தால் விளிம்பில் நிற்கிறாய். அடுத்த முறை குளோரோபென்சீனுக்கு மாறு, அல்லது 40ஐத் தாண்டாதே.

சரி, ஜெல்லி விஷயம். அது கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை, பாலிமரின் குணமே அதுதான். டி18இன் முதுகெலும்பு இணைந்த வளையங்களால் ஆனது, தட்டையாக விறைப்பாக இருக்கும். சூட்டில் சங்கிலிகள் தனித்தனியாக மிதக்கும். குளிர்ந்ததும் ஒன்றன்மேல் ஒன்று படுக்க ஆரம்பிக்கும். ஒரு சங்கிலி இரண்டு மூன்று அடுக்குகளில் மாட்டிக்கொண்டால் வலைதான், நடுவில் கரைப்பான் சிக்கிக்கொள்ளும். சங்கிலி நீளமாக இருந்தால் இன்னும் சீக்கிரம்.

அப்படிப் படுக்கும் புத்தி இல்லாவிட்டால் டி18ஐ யாரும் சீந்தமாட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மின்துளைகள், அதாவது எலக்ட்ரான் விட்டுப்போன காலியிடங்கள், சங்கிலிக்குச் சங்கிலி தாவி ஓடுவது அந்த அடுக்கு வழியாகத்தான். 2020இல் ஒய்6ஓடு 18.22 சதவீத செயல்திறன் தந்ததும் இந்த அடம் பிடிக்கும் பாலிமர்தான்.

மேட்டுப்பாளையம்_பேனல் · புதன், காலை 7.10

கூரைக்கு சிலிக்கான் பேனல் மாட்டிக் கொடுக்கிற ஆள் நான். தப்பாக நினைக்க வேண்டாம், ஒரு சந்தேகம். சிலிக்கான் 20க்கு மேல் தருகிறது, 25 வருடம் கேரண்டி. நீங்கள் குளிரில் உறைகிற சாயத்தை வைத்துக்கொண்டு 18க்கு மகிழ்ச்சி அடைகிறீர்கள். எதற்கு இது?

அப்புறம் நீலகிரியில் பிளாஸ்டிக் பை கொண்டுபோனாலே செக்போஸ்ட்டில் பிடுங்குகிறார்கள். பிளாஸ்டிக் சோலாருக்கு விடுவார்களா? :)

மூடுபனி · புதன், காலை 8.05

அண்ணா, உங்கள் பேனல் சதுர மீட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும். சுருட்டவும் முடியாது, ஊடே வெளிச்சமும் வராது. இது தாள் மாதிரி. ஒளி பிடிக்கும் அடுக்கு 100 நானோமீட்டர்தான், ஒரு தலைமுடியின் தடிமனில் ஐந்நூறில் ஒரு பங்குகூடத் தேறாது. வீட்டுக் கூரையில் உங்களோடு போட்டி போட நான் வரவில்லை.

கார்னேஷன்_கோத்தகிரி · புதன், காலை 11.30

ஊடே வெளிச்சம் வருமா? அப்படியானால் எனக்கும் இதில் வேலை இருக்கிறது. கோத்தகிரி பக்கம் 10 சென்ட் பசுமைக்குடில், கார்னேஷன் போட்டிருக்கிறேன். பூ வைக்கும் குளிர் அறைக்கும் சொட்டுநீர் மோட்டாருக்கும் கரண்ட் செலவு. குடில் கம்பி பாலித்தீனைத் தாங்கத்தான் போட்டது, பேனலைத் தாங்காது. போன மாதம் ஒருவர் வந்து "சோலார் ஷீட் வரப்போகுது, கூரைமேல் ஒட்டிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். எந்தக் கம்பெனி என்று கேட்டதற்குச் சிரித்தார்.

ஒரு சதுர மீட்டருக்கு அந்தப் பாலிமர் எவ்வளவு வேண்டும், என்ன விலை? செடிக்கு வெளிச்சம் குறையுமா? இந்த இரண்டும் தெரிந்தால் போதும்.

குன்னூர்_அக்கா · புதன், மதியம் 1.15

அளவைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 100 நானோமீட்டர் தடிமனில் ஒரு சதுர மீட்டர் என்றால் கன அளவு 0.1 கன செ.மீ. எடை சுமார் 0.1 கிராம். அதில் வழங்கி பாதிக்கும் குறைவு, 0.05 கிராம் என்று வையுங்கள். பத்து சென்ட் என்பது 400 சதுர மீட்டர். ஆக உங்கள் முழுக் கூரைக்கும் 20 கிராம் வழங்கி. உப்புப் பொட்டலத்தில் ஒரு பிடி.

கேட்கச் சுகமாக இருக்கிறது. ஆனால் ஆய்வகத்துக்கு விற்கும் விலையில் இந்தப் பாலிமர்கள் கிராமுக்குத் தங்கத்தைவிடப் பல மடங்கு. போதாததற்குச் சுழல்பூச்சில் ஊற்றுவதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சுழன்று வெளியே பறந்துவிடும். கத்தி வைத்து இழுக்கும் பூச்சு, சுருளுக்குச் சுருள் ஓடும் பூச்சு என்று போனால்தான் 20 கிராம் 20 கிராமாக இருக்கும்.

இந்தத் துறையில் ஏற்பிக்குத்தான் மாலை மரியாதை. 2015இல் ஐடிஐசி வந்தது, 2019இல் ஒய்6 வந்தது, எல்லாக் கட்டுரையும் அந்தப் பெயரில்தான் தொடங்கும். நியாயம்தான், ஃபுல்லரீன் பார்வை ஒளியை ஒழுங்காகப் பிடிக்காது, அதன் ஆற்றல் மட்டத்தையும் இஷ்டத்துக்கு நகர்த்த முடியாது. ஆனால் ஒய்6 ஒற்றை மூலக்கூறு. இன்று செய்தாலும் அடுத்த வருடம் செய்தாலும் சுத்தப்படுத்திவிட்டால் அதே ஒய்6தான். வழங்கி சங்கிலி. ஒரு தொகுப்பில் நீளம் ஒரு மாதிரி, அடுத்த தொகுப்பில் வேறு மாதிரி. குன்னூர்க்காரிக்கு இதை டீயில் சொன்னால்தான் திருப்தி: அதே தோட்டம், அதே ஆலை, ஆனால் மழைக்கு முன்னால் பறித்த இலையும் பின்னால் பறித்த இலையும் ஒன்றா? பெயர்ப்பலகை ஒன்றுதான். நான் பிஎம்6 என்ற வழங்கியை இரண்டு தொகுப்பாக வாங்கி, அதே கையால் அதே நாளில் கலம் செய்து, இரண்டு வேறு பதில் வாங்கியவள். ஒரு மாதம் என் கையைத்தான் சந்தேகப்பட்டேன்.

கொடை_குறிஞ்சி · புதன், மாலை 5.50

கொடைக்கானலில் இயற்பியல் வாத்தியார். பழனி மலைக்காரன் என்று ஒதுக்கிவிடாதீர்கள், எங்கள் ஊரில் 1899இலிருந்து சூரியனைப் பார்க்கும் நிலையம் இருக்கிறது. சூரியக் கரும்புள்ளியில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் 1909இல் கண்டது இங்கேதான். அதனால் சூரிய விஷயத்தில் மூக்கை நுழைக்க எனக்கும் உரிமை உண்டு.

ஏற்பியை மாற்றியதும் வழங்கியையும் ஏன் மாற்ற வேண்டியிருந்தது? பழைய வழங்கியான பி3எச்டி நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது? பத்து வருடம் முன்னால் ஒரு பயிற்சி முகாமில் அதைத்தான் காட்டினார்கள்.

மூடுபனி · புதன், இரவு 9.15

சார், நான் முதலாம் ஆண்டில் தலையை உடைத்துக்கொண்ட கேள்வி இது.

ஒளி பட்டதும் பாலிமரில் எலக்ட்ரானும் துளையும் கட்டிப்பிடித்தபடி ஒரு ஜோடியாகப் பிறக்கின்றன. அந்த ஜோடி 10 நானோமீட்டர் வாக்கில்தான் நகரும், அதற்குள் ஏற்பியின் எல்லையைத் தொடாவிட்டால் அணைந்துவிடும். 1986இல் டாங் இரண்டு அடுக்காகச் செய்த கலம் ஒரு சதவீத அளவில் நின்றதற்கு இது ஒரு பெரிய காரணம், எல்லை ஒன்றே ஒன்று. 1990களில் இரண்டையும் கலந்தே பூசினார்கள், எங்கே பார்த்தாலும் எல்லை.

மின்னழுத்தம் எதைப் பொறுத்தது? வழங்கியில் எலக்ட்ரான் நிரம்பிய மேல்மட்டத்துக்கும் ஏற்பியின் காலி மட்டத்துக்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்தது. பி3எச்டியில் அந்த நிரம்பிய மட்டம் உயரத்தில் இருக்கிறது. ஃபுல்லரீனோடு அட்ஜஸ்ட் செய்துகொண்டு 4, 5 சதவீதம் கொடுத்தது. ஒய்6இன் காலி மட்டம் இன்னும் கீழே. பி3எச்டியை அதோடு சேர்த்தால் இடைவெளி சுருங்கி வோல்ட் விழுந்துவிடும். இரண்டும் தேவைக்கு மேல் ஒன்றோடு ஒன்று கரைந்தும் போகும்.

அதனால் வழங்கியின் அந்த மட்டத்தைக் கீழே இறக்க வேண்டும். பிபிடிபி-டி பாலிமரின் பக்கக் கிளையில் ஃப்ளூரின் ஏற்றினால் பிஎம்6. ஃப்ளூரின் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும், மட்டம் இறங்கும். குளோரின் ஏற்றினால் பிஎம்7, அதே வேலை.

இன்னொன்று நிறம். ஒய்6 சிவப்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத 930 நானோமீட்டர் வரை பிடிக்கும். ஆகவே வழங்கி அதற்கு முந்தைய 450 முதல் 650 வரை பார்த்துக்கொண்டால் போதும். ஃபுல்லரீன் காலத்தில் எல்லா ஒளியையும் வழங்கியே சுமந்தது, அதனால் குறுகிய இடைவெளி (இங்கே வழங்கியின் சொந்த நிரம்பிய மட்டத்துக்கும் காலி மட்டத்துக்கும் நடுவே உள்ளது) வழங்கிகளைத் தேடி ஓடினார்கள். ஏற்பி மாறியதும் தேடல் அப்படியே திரும்பிவிட்டது, அகன்ற இடைவெளி வழங்கிதான் வேண்டும் என்று ஆனது. எனக்கு இது மிகவும் பிடித்த திருப்பம்.

2019இன் பிஎம்6, ஒய்6 கணக்கை மாணவர்களுக்குக் கரும்பலகையிலேயே போட்டுக் காட்டலாம்: 0.83 வோல்ட், சதுர செ.மீக்கு 25.3 மில்லிஆம்பியர், நிரப்புக் காரணி (அந்த வோல்ட், ஆம்பியர் பெருக்கத்தில் உண்மையில் கைக்கு வரும் பங்கு) 0.748. பெருக்கினால் 15.7. அதுதான் அறிவித்த செயல்திறன்.

மேட்டுப்பாளையம்_பேனல் · புதன், இரவு 9.50

நிரப்புக் காரணி எங்கள் பேனலிலும் உண்டு. சரி, கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது.

இந்துநகர்_ஓய்வு · வியாழன், காலை 6.20

அம்மா மூடுபனி, எனக்கு வயது எழுபத்து நான்கு. உங்கள் பாலிமர் எதுவும் எனக்குத் தெரியாது. இந்து நகர் படச்சுருள் ஆலையில் பூச்சுப் பிரிவில் இருந்தேன். ஊசிக்குள் உறைந்தது என்று படித்ததும் தூக்கம் போய்விட்டது.

நாங்கள் பூசியது ஜெலட்டினில் வெள்ளி உப்பு கலந்த பால்மம். அதுவும் சூட்டில் தண்ணீர், குளிரில் கெட்டி. 40 டிகிரி வாக்கில் ஓடும் படத்தாள்மேல் பூசி, உடனே குளிர்ந்த காற்றில் உறையவைத்து, அப்புறம் மெல்ல உலர்த்துவோம். எங்களுக்கு உறைய வேண்டும், உங்களுக்கு உறையக் கூடாது. ஆனால் எங்கே உறைகிறது என்பது நம் கையில் இருக்க வேண்டும், அது இரண்டு பேருக்கும் பொது.

தொட்டியில் மட்டும் சூடு வைத்தால் போதாது அம்மா. தொட்டி, குழாய், வாய், தாள், நான்கும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். எங்கள் குழாய்க்குச் சுற்றிலும் சுடுநீர் உறை இருக்கும். நடுவில் ஓரிடம் குளிர்ந்தால் அங்கே ஒரு கட்டி பிடிக்கும், அந்தக் கட்டி அடுத்த அரை மணி நேரப் படம் முழுக்கக் கோடு போடும். உங்கள் ஊசி ஒன்பது டிகிரியில் மேசைமேல் கிடந்திருக்கும், வடிகட்டியும்தான். கண்ணாடித் தகடு?

மூடுபனி · வியாழன், காலை 6.45

ஐயா, தகடும் ஒன்பது டிகிரிதான். குப்பியை மட்டும் சூடாக்கினேன். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

இந்துநகர்_ஓய்வு · வியாழன், காலை 6.50

வெட்கம் எதற்கு. எல்லாவற்றையும் சூடாக்கிவிட்டு ஊற்றுங்கள். ஒரு இட்லித் தட்டில் துணி விரித்து, ஊசியையும் வடிகட்டியையும் பத்து நிமிடம் இளஞ்சூட்டில் வையுங்கள், ஈரம் படாமல்.

குன்னூர்_அக்கா · வியாழன், காலை 9.30

ஐயா சொன்னதுதான் மருந்து. சூடான கரைசல், சூடான தகடு என்று ஆய்வுக்கட்டுரைகளிலும் எழுதுவார்கள், ஆனால் ஊசியைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. இட்லித் தட்டு வேண்டாம், ஆய்வகத்தில் அடுப்புப் பெட்டி இருக்கும். வீட்டுப் பாத்திரத்தைக் குளோரோபென்சீன் பக்கமே கொண்டுபோகாதே.

அப்புறம் மிச்சம் இருக்கும் பத்து மில்லிகிராமைக் கையில் எடுக்காதே. பிடிக்யூ10 என்ற வழங்கி கொஞ்சம் அனுப்புகிறேன், அதில் கை பழகு. டி18 அளவுக்கு அடம் பிடிக்காது. தயோஃபீன் ஒன்று, குயினாக்சலின் ஒன்று, அவ்வளவுதான் முதுகெலும்பு. 2018இல் வந்தபோது அதன் பெருமை 12.7 சதவீதம்கூட இல்லை, மலிவான மூலப்பொருளிலிருந்து இரண்டே படியில், மொத்தம் 87.4 சதவீத விளைச்சலோடு செய்யலாம் என்பதுதான். பின்னால் ஒய்6ஓடு 16 வரை போனது. பிஎம்6, டி18 எல்லாம் படிமேல் படி, ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் சிந்தும்.

2024இல் ஒற்றைச் சந்திக் கலமே (ஒளி பிடிக்கும் அடுக்கு ஒன்றே உள்ளது) 20 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் கோத்தகிரி அண்ணனின் கூரைக்கு ஒரு நாள் வருவது 20இன் பாலிமராக இருக்காது, இரண்டு படிப் பாலிமராகத்தான் இருக்கும் என்று நான் பந்தயம் கட்டுவேன்.

கொடை_குறிஞ்சி · வியாழன், மாலை 4.40

மலிவு என்றால் பி3எச்டிதானே இன்னும் மலிவு? அதற்கேற்ற ஏற்பி செய்தால் என்ன?

குன்னூர்_அக்கா · வியாழன், மாலை 6.05

செய்தார்கள் சார். இசட்ஒய்-4சிஎல் என்று ஓர் ஏற்பி, 2020இல் பி3எச்டியோடு 9.46 சதவீதம். உங்கள் கேள்வி நல்ல கேள்வி என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: பிடிக்யூ10 உட்பட மற்ற பெரும்பாலான வழங்கிகளைக் கடைசிப் படியில் கோக்கும்போது கரிம வெள்ளீயச் சேர்மம் வேண்டும், நச்சு. கழிவை எங்கே கொட்டுவது? நம் மலையில் கொட்டியது பவானியில்தான் போய்ச் சேரும். பி3எச்டியை வெள்ளீயம் இல்லாமல், நிக்கல் வினையூக்கியில் செய்துவிடலாம். "இரண்டே படி" என்று மேலே நான் குதித்தபோது இதை விழுங்கிவிட்டேன், மன்னிக்கவும்.

கார்னேஷன்_கோத்தகிரி · வியாழன், இரவு 8.30

எல்லாம் சரி, என் செடிக்கு வெளிச்சம்? யாரும் சொல்லவில்லையே.

மூடுபனி · வியாழன், இரவு 10.10

மன்னிக்கணும் அண்ணா. உங்கள் கேள்விதான் உண்மையில் கடினம்.

இலை பிடிப்பது நீலமும் சிவப்பும், சிவப்பில் 660 பக்கம். மேலே நான் பெருமையாகச் சொன்ன 450 முதல் 650 வரை பிடிக்கும் வழங்கி உங்கள் செடியின் தட்டிலிருந்துதான் எடுத்துச் சாப்பிடுகிறது. ஏற்பி பிடிக்கும் 750க்கு மேற்பட்ட ஒளி இலைக்கு அவ்வளவு தேவைப்படாது, அதை எடுத்தால் குற்றமில்லை. ஆக, செயல்திறன் சாதனைக் கட்டுரைகளில் முதல் மாணவனாக வரும் வழங்கி குடில் கூரையில் குற்றவாளி. இதற்கு ஒரு வழி, கலவையில் வழங்கியைக் குறைத்து ஏற்பியைக் கூட்டுவது. ஆனால் ரொம்பக் குறைத்தால் துளை ஓடப் பாதை அறுந்துவிடும். சங்கிலி நீளமாக, தொடர்ச்சியாக இருந்தால் குறைந்த அளவிலும் பாதை அறாது.

கார்னேஷன்_கோத்தகிரி · வெள்ளி, காலை 6.30

அப்படியானால் எனக்கு வேண்டியதும் அந்த உறைகிற ஜாதிதான் போல.

இன்னொன்று சொல்கிறேன். வெளிச்சம் குறைந்தால் கார்னேஷன் தண்டு மெலிந்து நெளியும், பூ தலையைத் தொங்கப்போடும், ஏலத்தில் இரண்டாம் தரம். வானம் மூடிக் கிடக்கும் மாதங்களில் இப்போதே அந்தத் தொல்லை. அதனால் கூரை முழுக்க வேண்டாம். நடுப்பாதைக்கு மேல், பொதி கட்டும் கொட்டகைக்கு மேல், அங்கே போட்டால் செடிக்கு ஒன்றும் இல்லை. கால்வாசிக் கூரை தேறும். எத்தனை வருடம் வரும்?

மேட்டுப்பாளையம்_பேனல் · வெள்ளி, காலை 7.40

அதைத்தான் நான் முதலிலேயே கேட்டேன். மலைமேல் புற ஊதா அதிகம். ஆயிரம் மீட்டர் ஏறினால் பத்துப் பன்னிரண்டு சதவீதம் கூடும். மேட்டுப்பாளையத்தில் போட்ட கேபிள் உறையும் ஊட்டியில் போட்ட உறையும் ஒரே மாதிரி வெளுப்பதில்லை, கண்ணால் பார்த்தவன்.

குன்னூர்_அக்கா · வெள்ளி, காலை 10.20

உண்மை. புற ஊதா, ஆக்சிஜன், ஈரம் மூன்றும் எதிரிகள். அதுவும் எலக்ட்ரானை வெளியே எடுக்கும் துத்தநாக ஆக்சைடு அடுக்கு அருகில் இருந்தால் புற ஊதா பட்டதும் அது ஏற்பியையே அரிக்கும். இருபுறமும் ஈரம் புகாத உறை, ஓரத்தில் பிசின், மேலே புற ஊதா வடிகட்டி, இவை இல்லாமல் நம் மூடுபனியில் ஒரு சீசன்கூடத் தாங்காது. 25 வருடம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் அண்ணா, உங்கள் பாலித்தீன் எத்தனை வருடம் வருகிறது?

கார்னேஷன்_கோத்தகிரி · வெள்ளி, காலை 10.35

200 மைக்ரான் ஷீட், மூன்று வருடம். காற்று கிழிக்காவிட்டால் நான்கு.

குன்னூர்_அக்கா · வெள்ளி, காலை 10.50

அப்படியானால் 25 வருடம் யாருக்கு வேண்டும்? ஷீட் மாற்றும்போது இதையும் மாற்றுவீர்கள். நாலு வருடம் தாங்கினால் உங்களுக்குப் போதும். பழைய ஷீட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஆள் வேண்டும், அது தனிக் கதை.

மேட்டுப்பாளையம்_பேனல் · வெள்ளி, காலை 11.15

இந்த ஒரு வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. விலை வரட்டும், பார்க்கலாம். மாட்டிக் கொடுக்க ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள்.

மூடுபனி · அடுத்த புதன், மாலை 5.30

செய்தி இருக்கிறது. அக்கா அனுப்பிய பிடிக்யூ10இல் திங்கள், செவ்வாய் இரண்டு நாள் பழகினேன். இன்று காலை 8 டிகிரி. டி18ஐ அஞ்சு மில்லிகிராம் மட்டும் எடுத்தேன், கரைப்பான் குளோரோபென்சீன். குப்பி, ஊசி, வடிகட்டி, தகடு நான்கையும் அடுப்புப் பெட்டியில் வைத்தேன். பெட்டியிலிருந்து சுழல்பூச்சுக் கருவிக்கு மூன்று அடி, கருவியையே தூக்கிப் பக்கத்தில் வைத்துவிட்டேன். ஊசியைப் பழைய கம்பளிக் காலுறைக்குள் போட்டுப் பிடித்தேன். சொட்டு விழுந்தது, பரவியது, கட்டி இல்லை, கோடு இல்லை. ஜன்னலுக்கு எதிரே பிடித்தால் எதிர்மலையின் தேயிலைச் சரிவு நீலக் கண்ணாடி வழியாகத் தெரிவது போலத் தெரிகிறது.

காற்றுப் படாமல் வேலை செய்ய உதவும் நைட்ரஜன் பெட்டி இல்லாமல் செய்ததால் செயல்திறன் எண்ணைச் சொல்ல வெட்கம். ஆனால் மூன்று தகடும் ஏறக்குறைய ஒரே எண். எனக்கு அது இதுவரை நடந்ததில்லை.

இந்துநகர்_ஓய்வு · அடுத்த புதன், மாலை 6.05

சந்தோஷம் அம்மா. ஓரம் எப்படி இருக்கிறது?

மூடுபனி · அடுத்த புதன், மாலை 6.10

ஓரத்தில் மட்டும் ஒரு நூல் அகலத்துக்குத் தடித்திருக்கிறது ஐயா. நிறம் கருத்துத் தெரிகிறது.

இந்துநகர்_ஓய்வு · அடுத்த புதன், மாலை 6.20

அது எங்களுக்கும் கடைசி வரை இருந்தது. ஓரத்தை வெட்டிவிடுவோம்.